மடுவத்து வெந்நீர்

முதலில் முழங்கையைத்தான் விடுவார். விரல்களை நம்ப மாட்டார். வருடக்கணக்கில் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்களுக்குச் சூடும் ஒன்றுதான், குளிரும் ஒன்றுதான் என்பது சிசிலியின் கட்சி. ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, அலுமினியப் பேசினில் முழங்கையை நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் இருப்பார். பிறகு ஒரு குவளை பச்சைத் தண்ணீர் சேர்ப்பார். மறுபடி முழங்கை. அப்புறம்தான் வரிசையைப் பார்த்து, "வாங்கடி, யாரு மொதல்ல?" என்பார்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு. அந்தி நிறுவை முடிந்து கொழுந்து லொறியில் ஏறியதும், நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் பின்பக்கத்துப் பலகையில் பெண்கள் வந்து உட்காருவார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்த்திருக்க மாட்டார்கள். அட்டை கடித்த இடங்களில் இரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருக்கும். எதிரே ஒரு சாக்கை விரித்து அதன்மேல் சிசிலி. பக்கத்தில் மூன்று கல் அடுப்பில் தகரவாளி நிறையத் தண்ணீர். ஒவ்வொரு காலாக மடியில் வாங்கிக் கழுவி, விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்து, குதிகாலை வெளிச்சத்துக்குத் திருப்பி, துடைத்து அனுப்புவார்.

"பேசின்ல கெழங்கா அவிக்கிறீங்க சிசிலிக்கா, இத்தன தடவ பதம் பாக்குறீங்க?" என்று நாகலெட்சுமி கேட்பாள். மடுவத்தில் வாய் ஓயாதவள் அவள்.

"ஒன் காலும் கெழங்கும் ஒரே மாதிரிதான் இருக்கு. உரிச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். நீட்டு."

முழங்கை வித்தைக்குக் காரணம் சீனி வியாதி. தொழிலாளர் லயங்களில் வீட்டுக்கு ஒருவருக்காவது அது இருக்கிறது. பல வருடம் கவனிக்காமல் விட்டால் பாதத்தில் உணர்ச்சி செத்துப்போகும். முள் ஏறினாலும் தெரியாது, நெருப்பு பட்டாலும் தெரியாது. அடுப்படியில் காலை நீட்டிக் குளிர் காய்ந்த ஒருத்தி, துணி தீயும் வாடை வருகிறதே என்று அக்கம்பக்கம் தேடியிருக்கிறாள். தீய்ந்தது அவள் பாதம். அதனால் காலைப் பேசினில் வைத்ததும் எல்லாரிடமும் சிசிலி ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "சுடுதா?"

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிலருக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஆனால் மெனக்கெட்டு வெந்நீர் வைத்தவர் மனம் கோணக்கூடாது என்று, "பதமா இருக்கு பெரியம்மா" என்று சொல்லிவிடுவார்கள். மரியாதைக்காரர்கள். அவர்களைப் பிடிக்கச் சிசிலி ஒரு தந்திரம் வைத்திருக்கிறார். சில நாட்களில் மலையூற்றுப் பீலியிலிருந்து பிடித்த பச்சைத் தண்ணீரைப் பேசினில் ஊற்றி வைத்துவிட்டு, முகத்தை மாற்றாமல் "சுடுதா?" என்பார். ஐயோ குளிருதே என்று காலை இழுப்பவளுக்கு ஒன்றும் இல்லை. "பதமா இருக்கு" என்பவளுடைய கால், அடுத்த செவ்வாய்க்கிழமை சிஸ்டரின் முன்னால் போய் நிற்கும்.

சிஸ்டர் என்றால் சிஸ்டர் ஷிராணி. ஹட்டனில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் சின்னக் கிளினிக்கின் தாதி. செவ்வாய்தோறும் பழைய வேன் ஒன்றில் மலை ஏறி வந்து, மடுவத்து மேசையில் மருந்துப் பெட்டியைத் திறந்து வைப்பார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்த சிசிலியைக் கண்டுபிடித்து, கிளினிக்கில் சில மாதம் வைத்துப் புண் கட்டப் பழக்கியவர் அவர்தான். மலை ஏறிக் களைத்த ஒரு நாள் அவர் சொன்ன வார்த்தையைச் சிசிலி இன்றும் எடுத்துச் சொல்வார்: "நாம ஏறிப் போகலேன்னா நோயாளி எறங்கி வருவாங்க சிசிலி. ஆனா கம்பளியில தூக்கிட்டுத்தான் வருவாங்க."

ஆரம்பத்தில் ஒருத்தியும் காலைக் கொடுக்கவில்லை. மூத்தவள் மடியில் இளையவள் கால் வைப்பது பாவம். சிசிலி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "எங்க சாமியே பன்னெண்டு பேரு காலக் கழுவுனாரு. அதுல ஒருத்தன் காட்டிக் குடுக்கப்போற பய. அது தெரிஞ்சும் அவன் காலையும் சேத்துத்தான் கழுவுனாரு. ஒங்க காலுக்கு என்னடி கொற?" கடைசியில் பெண்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலை நீட்டுவதற்கு முன் சிசிலியின் கையைத் தொட்டுத் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வது. பாவம் கழிந்துவிடும். இன்றைக்கும் அப்படித்தான்.

மாரியம்மன் கோயில் தலைவர் செல்லசாமிக்கு வேறு சந்தேகம். "மொதல்ல கால்ல ஊத்துவீங்க. அப்புறம் தலையிலயும் தண்ணி ஊத்திருவீங்களோ?" என்று மடுவத்துக்கே வந்து கேட்டார்.

"தலைக்கு ஊத்த எனக்குப் பவர் இல்லீங்க தலைவரே. நான் காலு டிப்பாட்மெண்டு" என்றார் சிசிலி. கொஞ்ச நாளில் பித்தவெடிப்புடன் தலைவரும் பலகையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

இப்படி மேல்கணக்கின் கால்கள் எல்லாம் சிசிலியின் மடிக்கு வந்தன. ஒரே ஒரு ஆளின் கால் மட்டும் வரவில்லை. அவர் அதே லயத்தில், அடுத்த காம்பரா வீட்டில் இருந்தார்.

வீரம்மாவும் சிசிலியும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்கள், ஒரே டப்பாவிலிருந்து ரொட்டியும் சம்பலும் தின்றவர்கள். மழைநாளில் வீரம்மாவின் கெண்டைக்காலிலிருந்து அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "அட்டைக்கெல்லாம் ஒன்னத்தான்டி புடிக்குது, இனிப்பான ரத்தம்" என்று சிசிலி கேலி செய்ததுண்டு. சட்டைப்பின்னைக் கழற்றி ஒருவர் உள்ளங்காலில் மற்றவர் முள் எடுத்ததும் உண்டு. வா, போ, ஏன்டி என்றுதான் பேச்சு. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி. அதன் வழியாகப் புகையும் பேச்சும் தாராளமாகப் போய்வந்தன.

பிறகு சிசிலியின் மகன் அன்டனும் வீரம்மாவின் மகள் சுதர்ஷினியும் விரும்பினார்கள். மாதா கோயிலில் மோதிரமும் மாற்றினார்கள், வீட்டில் தாலியும் கட்டினார்கள். இரண்டு வீட்டுக்கும் மனக்குறை இல்லை. கலியாணத்துக்கு மறுநாள் காலையில் பீலியடியில் குடத்தோடு நின்ற வீரம்மா, சிசிலியைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டு, "வாங்க சம்மந்தி, நீங்க மொதல்ல புடிங்க" என்றார். சிசிலியும், "பரவாயில்லீங்க சம்மந்தி" என்றார். அன்றிலிருந்து வா, போ இல்லை. சட்டைப்பின்னும் இல்லை. பெண் கொடுத்தவர் மாப்பிள்ளை வீட்டம்மாவின் முன்னால் காலை நீட்டி உட்காரக்கூட மாட்டார்.

மடுவத்தில் கால் பார்க்கும் வேலை தொடங்கியபோது வீரம்மா இன்னமும் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கொழுந்தை நிறுத்துவிட்டு, பலகையின் பின்னால் சுற்றிக்கொண்டு, படங்கைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டு மெல்ல நழுவுவார். சிசிலி அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, மடியிலிருக்கும் காலுக்குத் திரும்புவார். அது மரியாதை. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட மரியாதை.

போன வருடம், கவ்வாத்து வெட்டிய மலையில் நடந்தபோது, சீவிய தேயிலைக் குச்சி ஒன்று வீரம்மாவின் செருப்பைத் துளைத்துக்கொண்டு வலது பாதத்தில் ஏறிவிட்டது. அவருக்கும் சீனி உண்டு. வலித்ததா என்பதே தெரியவில்லை. மஞ்சளை வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டார். டிஸ்பென்சரிக்குப் போனால் முழுப்பேர் விழாது, அரைநாள் கூலிதான். சிஸ்டர் வருகிற செவ்வாய்க்கிழமைப் பகலில் அவர் மலையில் இருப்பார். இப்படியே நாள் போனது.

"கால்ல என்னங்க சம்மந்தி? சாஞ்சு நடக்குறீங்க" என்று சிசிலி சுவருக்கு மேலே குரல் கொடுத்தார்.

"ஆணிக்காலுங்க. வேற ஒண்ணுமில்ல. நீங்க சாப்டீங்களா?"

சாப்பிட்டதாகச் சிசிலி சொன்னார். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் காட்டச் சொல்ல வேண்டும். காட்டினால் தொட வேண்டும். தொட்டால் மரியாதை போய்விடும்.

பேச்சு சொல்லாததை ஒரு நாள் வாடை சொன்னது. சுவருக்கு மேலிருந்த அந்த ஒரு முழ இடைவெளி வழியாக அது இறங்கி வந்தபோது சிசிலி அடுப்பில் சோறு வைத்திருந்தார். கிளினிக்கில் பழகிய மூக்கு. அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினார். வீரம்மா காலைப் படங்கால் மூடிக்கொண்டு, "உள்ள வாங்க சம்மந்தி, உக்காருங்க" என்றார்.

கம்பளியில்தான் தூக்கினார்கள். வேன் நின்ற பாதை வரை நாலு பேர். ஹட்டனிலிருந்து கண்டிக்கு. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கொழும்பில் வேலை செய்யும் சுதர்ஷினியும் அன்டனும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். சுதர்ஷினி சத்தம் போடவில்லை. வார்டு வாசலில் மாமியாரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அத்த, ஒங்களுக்குத் தெரியாமலா?"

அன்டன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொழும்புக்குத் திரும்பும் அன்று சுதர்ஷினி மறுபடியும் வந்து, சிசிலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மத்தக் காலயாவது பாத்துக்குங்க அத்த. தெனமும் பாக்கணும்னு டொக்டர் சொல்லிட்டாரு. அதுவும் போனா அம்மா இருக்காது."

பீலியடியில் யாரோ சொன்னதும் சிசிலியின் காதுக்கு வந்தது. ஊர்க்காலை எல்லாம் கழுவியவருக்கு அடுத்த காம்பராக் கால் தெரியவில்லையாம். சொன்னது யாரென்று அவர் விசாரிக்கவில்லை. அன்று அந்தியில் வழக்கம்போல் மடுவத்துக்குப் போய் முழங்கையை நனைத்தார். அன்றைக்குக் கால் கொடுத்தவர்களில் ஒருத்தி, கழுவிய காலையே அவர் திரும்பவும் கழுவினார் என்கிறாள்.

வீரம்மா ஊன்றுகோலோடு லயத்துக்குத் திரும்பிவிட்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இடது காலையும் காட்டவில்லை. சிஸ்டருக்கென்றால் காட்டியிருப்பார்; சிஸ்டர் சம்பந்தி இல்லை. ஆனால் பெருமழையில் பாதை உடைந்ததிலிருந்து வேன் மேல்கணக்குக்கு ஏறுவதில்லை. சரிந்த இடத்துக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. நடக்க முடிந்தவர்கள் இறங்கிப் போகிறார்கள்.

சிசிலி ஒருமுறை நாகலெட்சுமியை அனுப்பிப் பார்த்தார். போன வேகத்தில் திரும்பினாள்.

"கால் எப்படிடி இருக்கு?"

"நல்லா இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க சிசிலிக்கா."

அதிலிருந்து சிசிலிக்கு அந்தி வேலை இரட்டிப்பாகிவிட்டது. மடுவத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, புதிதாக ஒரு பேசின் வெந்நீர் வைத்து, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்காருவார். விருந்தாளிகள் உட்காரும் இடம் அது. உள்ளே கட்டிலில் வீரம்மா. சிசிலி வருவார் என்று தெரிந்து பிளாஸ்கில் பிளேன்டீ தயாராக இருக்கும். மழை, மகனின் வேலை, மருமகளின் இருமல், கொழுந்து வரவில்லை என்ற கங்காணியின் புலம்பல் எல்லாம் பேசுவார்கள்.

கடைசியில் சிசிலி, "காலக் கொஞ்சம் பாத்துறலாங்களா சம்மந்தி?" என்பார்.

"அது எதுக்குங்க. ஒரு காலு போனதுக்கே நான் அழல. பொண்ணு குடுத்தவ மாப்புள்ள வீட்டம்மா மடியில கால வச்சான்னு, நாளைக்கு எம்மவ பேச்சு வாங்கணுமா?"

"யாருங்க பேசப்போறா? பேசுறவ நான்தானே?"

"நீங்க பேச மாட்டீங்க. அதனாலதான் நான் வைக்கக் கூடாது."

ஆறிப்போன தண்ணீரை வாசலில் இருக்கும் செவ்வந்திச் செடிக்கு ஊற்றிவிட்டுச் சிசிலி எழுந்து வருவார். செடி அமோகமாகப் பூத்திருக்கிறது. "அந்தச் செடிக்குச் சளியே புடிக்காது, தெனமும் வெந்நி" என்று உள்ளிருந்து வீரம்மா சொல்வார். இருவரும் சிரிப்பார்கள். தன் காம்பராவுக்கு வந்தபின் சிசிலி சிரிப்பதில்லை. சுவரின் மேல் இடைவெளியைப் பார்த்துக்கொண்டு, மூச்சை இழுத்து வாடை பிடித்துப் பார்ப்பார். புகை வாடைதான். இன்றைக்கு அவ்வளவுதான். செபமாலை சொல்லும்போதுகூட நடுவில் நிறுத்தி ஒருமுறை முகர்ந்து பார்ப்பது இப்போது அவருடைய பழக்கமாகிவிட்டது.

போன வாரம் மடுவத்தில் நாகலெட்சுமி காலைப் பேசினில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் போவீங்களா?"

"போகாம?"

"இஸ்தோப்புல உக்காந்து, தேத்தண்ணி குடிச்சு, ங்க போட்டுப் பேசி. பொண்ணு பாக்கப் போற மாதிரில்ல போறீங்க. மாப்புள்ள வீட்டம்மாவுக்கு யாரு சிசிலிக்கா கால நீட்டுவா? பழைய சிசிலியா இருந்தா இந்நேரம் காலப் புடிச்சு இழுத்திருப்பீங்க."

"வாய மூடிட்டுச் சொல்லு. சுடுதா?"

"சுடுது, சுடுது. அத ஆத்துங்க."

அன்று மலை இறங்கிய மூடுபனி லயத்து வாசல் வரை வந்திருந்தது. சிசிலி இஸ்தோப்பில் உட்காரவில்லை. பேசினோடு நேரே உள்ளே போய், கட்டிலோரம் தரையில் சாக்கை விரித்து, மடுவத்தில் உட்காருவது போல உட்கார்ந்தார். வீரம்மா திடுக்கிட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"அய்யோ, கீழ ஏங்க சம்மந்தி? நாற்காலி இருக்கு..."

"வீரம்மா. காலக் குடுடி."

கட்டிலில் அசைவு நின்றுவிட்டது. அந்தக் குரலில் அந்த வார்த்தையை அவர் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கம்பளியை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார்.

சிசிலி எழுந்து போகவில்லை. பிளேன்டீயைக் கேட்கவில்லை. பேசினிலிருந்து ஆவி எழுந்தது, மெலிந்தது, நின்றது. கூரைத்தகரத்தில் பனி சொட்டியது. பக்கத்துக் காம்பராவில் யாரோ ரேடியோவைப் போட்டு, யாரோ நிறுத்தினார்கள். பீலியடிக்குப் போனவர்கள் குடத்தோடு திரும்பினார்கள். அவர் அசையவில்லை.

"ஒரு தடவ எட்டாம் நம்பர் மலையில முள் எடுத்தியே" என்று சுவரைப் பார்த்தபடியே வீரம்மா சொன்னார். "பின் ஒடிஞ்சு உள்ள நின்னுருச்சு. அப்ப நான் போட்ட சத்தத்துல கங்காணி ஓடி வந்தாரு."

"ஆமா. என்னக் காலால ஒதச்சுட்ட."

"அப்ப வலிச்சுது."

கம்பளியின் அடியிலிருந்து, முகம் திரும்பாமலே, இடது கால் மெதுவாக வெளியே வந்தது.

சிசிலி முழங்கையைப் பேசினில் விட்டார். தண்ணீர் பீலித்தண்ணீர் போல இருந்தது. அடுப்படிக்குப் போய்ச் சுடவைத்துக்கொண்டு வரலாம். ஆனால் எழுந்தால், திரும்பி வரும்போது கால் அங்கே இருக்காது. காலைக் கையில் வாங்கினார். விரல் இடுக்குகளைப் பார்த்தார். குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். புண் இல்லை. எங்கும் இல்லை. அவருடைய தோள்கள் அப்போதுதான் இறங்கின. காலைப் பேசினில் இறக்கி, உள்ளங்கையால் நீரை அள்ளி விட்டார். பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"சுடுதா?"

வீரம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு சுவரைப் பார்த்தபடியே, குரலைத் தணித்து, அத்தனை பிரியத்தோடு சொன்னார்.

"இல்லீங்க சம்மந்தி. பதமாத்தான் இருக்கு."

சிசிலி காலை எடுத்து, துவாயால் விரல் விரலாக ஈரத்தை ஒற்றி, மடியில் வைத்துக்கொண்டார். முந்தானையை இழுத்து அதன்மேல் மூடி, ஒரு கையால் அணைத்துப் பிடித்தார். ஆவி வராத பேசினை, வீரம்மா திரும்பிப் பார்ப்பதற்குள், மற்றொரு கையால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.